தடுப்பூசி போட்ட இடத்தில் சீழ்: வேப்பிலை பூசலாமா?

கேள்வி: குழந்தை பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி, ஐந்தாவது வாரத்தில் சீழ் வைத்திருக்கிறது. அம்மை என்று சொல்லி மாமியார் வேப்பிலை அரைத்துப் பூசச் சொல்கிறார். பூசலாமா?
– ஒரு தாய், நீடாமங்கலம்

பதில்: வேண்டாம் அம்மா. வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், களிம்பு எதுவுமே வேண்டாம். இது அம்மை இல்லை. காசநோய்க்கான இந்த ஊசி வேலை செய்கிற விதமே இதுதான். சிவந்து மிளகுபோல் எழும்பும், பழுத்து உடையும், அப்புறம் பொருக்குத் தட்டி உதிரும். முழுக்க ஆற மூன்று மாதம்கூட ஆகலாம். உங்கள் இடது தோளிலும் அநேகமாக அந்தத் தழும்பு இருக்கும், மாமியாருக்குக் காட்டுங்கள்.

வெண்ணாற்றங்கரை ஊர்களில் கிராமச் செவிலியராக இருந்தபோது, இதைப் பிதுக்கிப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். தயவுசெய்து பிதுக்காதீர்கள். தாராளமாகக் குளிப்பாட்டுங்கள், பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அக்குளில் கட்டி பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறாவது வார ஊசியை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். உடம்பெல்லாம் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.