பழைய ஹாலிவுட்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பழைய ஹாலிவுட் படங்களைத் திரும்பவும் போட்டுப் பார்க்கிறவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. கேள்விகள் குவிந்துவிட்டன. கதாநாயகனையும் கதாநாயகியையும் பற்றிக் கேட்டவர்களுக்குக்கூட நான் பக்கத்தில் நிற்பவரைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன். மதுரை ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவன். வசனம் பாதி புரியாது, அதனால் திரையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்துப் பழகிவிட்டது.

'காசாபிளாங்கா'வை மகன் போட்டுக் காட்டினான். பழைய காதலி வருகிறாள், அவளைக் கணவனோடு விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறார். இதற்கா உலகமே கொண்டாடுகிறது? என் ரசனையில் ஏதும் கோளாறா?
திருநெல்வேலி வாசகர்

உங்கள் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. கதையை மட்டும் சொன்னால் அது அவ்வளவுதான். மேடையே ஏறாத ஒரு நாடகத்தை விலைக்கு வாங்கி எடுத்த படம் அது. அடுத்த தடவை பார்க்கும்போது ஹம்ப்ரி போகார்ட்டையும் இங்க்ரிட் பெர்க்மனையும் கொஞ்சம் மறந்துவிட்டு, அந்த மதுக்கூடத்தில் இருப்பவர்களைக் கவனியுங்கள்.

ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சூழ்ந்து நின்று தங்கள் பாட்டைப் பாட, அதை அமுக்கிக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழும்புகிறதே, அந்தக் காட்சியில் கண்ணீரோடு பாடும் இளம்பெண் மாதலீன் லெபோ. 1940-ல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது கணவரோடு தப்பி, லிஸ்பன் வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். கணவர் மார்செல் டாலியோவும் படத்தில் உண்டு. சூதாட்ட மேஜையில் சக்கரத்தைச் சுற்றிவிடுகிறாரே, அவர்தான். பிரான்சில் பெரிய நடிகர். யூதர் என்பதால் நாஜிகள் அவர் முகத்தையே சுவரொட்டியில் போட்டு, 'யூதன் என்றால் இப்படித்தான் இருப்பான்' என்று ஒட்டினார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு ஹாலிவுட்டில் கிடைத்தது அந்தச் சக்கரம்.

நாஜி மேஜராக மிரட்டும் கான்ராட் வைட் 1933-லேயே ஜெர்மனியை விட்டுக் கிளம்பியவர், மனைவி யூதர். யாருக்குப் பயந்து ஊரை விட்டாரோ அவர்கள் வேடத்தையே போட வேண்டி வந்தது. 1943 ஏப்ரலில் இறந்துபோனார், ஹிட்லரின் முடிவைப் பார்க்கவில்லை. படப்பிடிப்பு நடந்த 1942 கோடையில் யுத்தத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டுக் காட்சியில் பாதிப் பேர் நடிக்கவே இல்லை என்பது என் கட்சி.

அதே படத்தில் சாமாக வரும் டூலி வில்சன் பியானோவில் பெரிய வித்வானா?
விழுப்புரம் வாசகர்

பியானோ வாசிக்கவே தெரியாது. அவர் டிரம்மர். கேமராவில் படாத இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து வாசிக்க, இவர் அவர் கையைப் பார்த்துத் தன் கையை அசைத்தார். பாட்டு மட்டும் சொந்தக் குரல். இனிமேல் பார்க்கும்போது உங்களுக்கும் கை மேலேயே கண் போகும், என்னைத் திட்டக்கூடாது.

'ரோமன் ஹாலிடே'யில் கல் முகத்தின் வாய்க்குள் கிரெகரி பெக் கையை விட்டதும் ஆட்ரி ஹெப்பர்ன் அலறுவது நிஜம் என்கிறார்கள். உண்மையா?
காரைக்குடி வாசகி

உண்மைதான். பொய் சொல்கிறவன் கையை அந்த வாய் கடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொள்ளப் போவதைப் பெக் அவரிடம் சொல்லவில்லை. புதுமுகம் பதறிப்போனார், ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது. விளம்பரத்தில் தன் பெயருக்குச் சமமாக அந்தப் பெண்ணின் பெயரையும் போடச் சொன்னவர் அதே பெக். பெரிய மனசு.

ஆனால் இந்தப் படத்தில் இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று இருக்கிறது. 1953-ல் வெளியானபோது டைட்டிலில் கதை என்று வந்த பெயர் இயன் மெக்லெலன் ஹன்டர். கதையை எழுதியவர் டால்டன் டிரம்போ. கம்யூனிஸ்ட்டா இல்லையா என்று கேட்ட நாடாளுமன்றக் குழுவுக்கு 1947-ல் பதில் சொல்ல மறுத்தவர், சிறைக்குப் போனவர். ஹாலிவுட் வேலை தர மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பெயரை வெளியே சொல்ல முடியாது. நண்பர் ஹன்டர் தன் பெயரை இரவல் கொடுத்தார். கதைக்கான ஆஸ்கார் ஹன்டர் பெயருக்கே போனது. டிரம்போ 1976-ல் காலமானார். 1993-ல் அவர் மனைவியிடம் அந்த விருதைக் கொடுத்தார்கள். ஊர் பேர் தெரியாமல் ஒரு நாள் சுற்றிவிட்டு வர ஆசைப்படும் இளவரசியின் கதையை, சொந்தப் பேரைச் சொல்ல முடியாத ஆள் எழுதியிருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை வெறும் ஜாலிப் படமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் அடித்த பிரதிகள் கிடைக்கின்றன. பார்க்கலாமா?
ஈரோடு வாசகர்

வேண்டாம். 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் 'காசாபிளாங்கா'வையே விட்டுவைக்கவில்லை. ஒளியையும் நிழலையும் வைத்து ஒருவர் கணக்குப் போட்டு எடுத்ததன் மேல் இன்னொருவர் உட்கார்ந்து கன்னத்துக்கு ரோஸ் பூசுவது என்ன நியாயம்?

'கான் வித் த விண்ட்' படத்தில் அடிமைகளை எஜமான விசுவாசிகளாகவே காட்டுகிறார்கள். இன்றைக்கும் அதைப் பார்க்கத்தான் வேண்டுமா?
கோவை, கல்லூரி மாணவி

உங்கள் எரிச்சல் சரியானது. அந்தப் படம் காட்டும் தென்னமெரிக்க மாநிலங்கள்... இல்லை, அப்படிச் சொன்னால் வேறு கண்டமாகிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றி அது காட்டுவது எஜமானர்களின் கனவு. ஆனாலும் ஹேட்டி மெக்டேனியலுக்காகப் பாருங்கள். மாமி என்று எல்லோரும் கூப்பிடும் பணிப்பெண் வேடம். கதாநாயகி ஸ்கார்லெட்டின் இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டிக்கொண்டே, விருந்துக்குப் போகும் முன் சாப்பிடு என்று அதட்டுவார் பாருங்கள், அந்த வீட்டில் யாருக்கு எல்லாம் தெரியும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

1939 டிசம்பரில் அட்லாண்டாவில் முதல் காட்சி. ஜார்ஜியா மாநிலத்தின் இனப் பிரிவினைச் சட்டத்தால் அவர் போக முடியவில்லை. அப்படியானால் நானும் வரவில்லை என்று கதாநாயகன் கிளார்க் கேபிள் முறுக்கிக்கொள்ள, போய்விட்டு வாருங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தியவரே ஹேட்டிதான். அடுத்த பிப்ரவரியில் துணை நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. ஒரு கறுப்பின நடிகருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார். விழா நடந்த லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை; தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கேட்டுக்கொண்டதால் உள்ளே விட்டார்கள். படத்தின் மற்ற நடிகர்கள் ஒரு மேஜையில், இவர் சுவரோரம் தனி மேஜையில். அங்கிருந்து நடந்து போய்த்தான் பரிசை வாங்கினார். துணை வேடங்களுக்கு அப்போது சிலை கிடையாது, ஒரு பட்டயம் மட்டும்.

1952-ல் இறக்கும்போது ஹாலிவுட் கல்லறையில் அடக்கம் செய்யச் சொன்னார்; அங்கேயும் இடமில்லை என்றார்கள். பட்டயத்தை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார், அது காணாமல் போனது. 2023-ல் ஆஸ்கார் கொடுக்கும் அகாடமி வேறொன்று செய்து கொடுத்தது. இன்னொரு கறுப்பின நடிகைக்கு ஆஸ்கார் கிடைக்க 1991 வரை ஆனது. வூப்பி கோல்ட்பெர்க்.

ஸ்கார்லெட்டாக நடித்த விவியன் லீ இந்தியாவில் பிறந்தவராமே? இப்படி வேறு யாராவது உண்டா?
புதுச்சேரி வாசகி

உண்டு, அவர் கதைதான் இன்னும் சுவாரசியம். விவியன் லீ 1913-ல் டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கிலேயப் பெண். அதை மறைக்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. மெர்ல் ஓபரான் 1911-ல் பம்பாயில் பிறந்தவர், வளர்த்த அம்மா சார்லட் இலங்கைப் பூர்வீகம். கலப்பினம் என்று தெரிந்தால் அன்றைய ஹாலிவுட்டில் கதாநாயகி ஆக முடியாது. அதனால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று ஒரு கதை கட்டினார்கள். சாகும் வரை, அதாவது 1979 வரை, அவர் உண்மையை வெளியே சொல்லவில்லை. 'த டார்க் ஏஞ்சல்' படத்துக்காக ஆஸ்காருக்குப் பரிந்துரை ஆனபோதும் அவர் ஆசியப் பெண் என்று யாருக்கும் தெரியாது.

1937-ல் லண்டனில் கார் விபத்து, முகத்தில் தழும்புகள். 1944-ல் வந்த 'த லாட்ஜர்' படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் ஒரு வேலை செய்தார். கேமரா லென்சை ஒட்டியே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். பக்கவாட்டிலிருந்து விழும் ஒளி தழும்பின் மேட்டையும் பள்ளத்தையும் காட்டிக் கொடுக்கும். நேர் எதிரிலிருந்து விழுந்தால் நிழலே இல்லை, தழும்பும் தெரியாது. அந்த விளக்குக்கு அவர் பெயரைச் சுருக்கி 'ஓபி' என்றே பெயர் வந்தது. பல்லார்டை அவர் கல்யாணமும் செய்துகொண்டார். ஒரு நடிகையின் முகத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்த்த ஆளை வேறு என்ன செய்வது?

இன்னொன்று. தன் காதலர் லாரன்ஸ் ஒலிவியரோடு 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் நடிக்க விவியன் லீக்கு ஆசை. வேடம் மெர்லுக்குப் போனது. அந்தப் படப்பிடிப்பில் இருந்த ஒலிவியரைப் பார்க்க அமெரிக்கா வந்த இடத்தில்தான் லீக்கு ஸ்கார்லெட் வேடம் அமைந்தது.

எங்கள் நாட்டில் எடுத்த பழைய படங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.
கண்டி வாசகர்

'எலிஃபன்ட் வாக்' பாருங்கள், 1954. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியாக முதலில் ஒப்பந்தமானவர் விவியன் லீ. உங்கள் நாட்டில் வெளிப்புறக் காட்சிகளை முடித்த பிறகு மனநலம் குலைந்து அவர் விலக வேண்டியதாயிற்று. எலிசபெத் டெய்லர் வந்தார். தூரத்துக் காட்சிகளைத் திரும்ப எடுக்கவில்லை. ஆக, கிட்டே வந்தால் டெய்லர், எட்டப் போனால் லீ. நடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' கித்துல்கலையில், களனி ஆற்றில் எடுத்தது. 1957 மார்ச்சில் பாலத்தைத் தகர்க்கும் நாள். பிரதமர் பண்டாரநாயக்காவே பார்க்க வந்திருந்தார். ரயில் கிளம்பிவிட்டது, ஆனால் ஒரு கேமராக்காரர் பத்திரமான இடத்துக்கு இன்னும் போகவில்லை. இயக்குநர் டேவிட் லீன் வெடிக்க விடவில்லை. ரயில் முழுப் பாலத்தையும் கடந்து அந்தப் பக்கம் இருந்த ஜெனரேட்டரில் போய் முட்டியது. தூக்கி நிறுத்தி, மறுநாள் காலை வெடித்தார்கள். திரையில் நீங்கள் பார்ப்பது மறுநாள்.

'சைக்கோ' குளியலறைக் காட்சியில் ஓடுவது சாக்லேட் பாகாமே?
மதுரை வாசகர்

ஆமாம். கருப்பு வெள்ளைக்கு அதுதான் சரியான கெட்டி. கத்தி இறங்கும் சத்தம் முலாம்பழத்தில் குத்தி எடுத்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிக்கொண்டு வந்தார், வயலின் வகை வாத்தியங்கள் மட்டும். இன்று படத்தைப் பார்க்காதவனுக்கும் அந்தக் கிறீச்சிடல் தெரியும்.

சாப்ளின் ஒரு காட்சியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்தார் என்பது கட்டுக்கதைதானே?
நாகர்கோவில் வாசகர்

இல்லை. 'சிட்டி லைட்ஸ்', பூக்காரியை அவர் முதலில் சந்திக்கும் காட்சி, 342 டேக். சிக்கல் நடிப்பில் மட்டும் இல்லை. கண் தெரியாத பெண், இந்த நாடோடியைப் பணக்காரன் என்று நினைக்க வேண்டும். பேசாத படம். எப்படிக் காட்டுவது? மாதக்கணக்கில் விடை கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது இது: நெரிசலில் நின்ற ஒரு காருக்குள் ஏறி, மறுபக்கக் கதவு வழியாக நாடோடி இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் அவள் காதில் விழுகிறது. பூவை நீட்டுகிறாள். சில்லறை தேடும்போது காரின் சொந்தக்காரர் வந்து ஏற, மறுபடி கதவு, கார் போய்விடுகிறது. சில்லறைகூட வாங்காமல் போன கனவான் என்று அவள் நினைக்க, இவன் பூனை மாதிரி நழுவிப் போய் உட்காருகிறான். நம் காதில் விழாத சத்தத்தை வைத்து முழுக் கதையும் நிற்கிறது.

பூக்காரியாக நடித்த வர்ஜினியா செரில்லை நடுவில் வேலையை விட்டே அனுப்பினார். வேறொருவரை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டபோது அந்தப் பெண் சம்பளத்தை இரண்டு மடங்காக்கிக் கேட்டு வாங்கினார். சபாஷ்.

எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட் படம் எடுத்ததாகத் தாத்தா சொல்வார்.
சேலம் வாசகி

தாத்தா சரியாகத்தான் சொல்கிறார். 'த ஜங்கிள்', 1952. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர். காட்டில் அழிந்துபோன மாமத் யானைகள் உயிரோடு வருவதாகக் கதை. நம் யானைகளுக்கு ரோமப் போர்வை மாட்டிவிட்டார்கள். படம் சுமார்தான். யானைகள் பாவம்.

கடைசியாக, உங்களுக்குப் பிடித்த நட்சத்திரம் யார்? மர்லின் மன்றோவா, கிரேஸ் கெல்லியா?
தஞ்சாவூர் வாசகர்

தெல்மா ரிட்டர். ஆறு முறை ஆஸ்காருக்குப் பரிந்துரை, ஆறும் துணை வேடம், ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. 'ரியர் விண்டோ'வில் காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்குப் பணிவிடை செய்ய வரும் நர்ஸ் ஸ்டெல்லா. எதிர் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்குள் கட்டிய செட். கீழ்த்தளத்துக்காகத் தரையையே பெயர்த்துப் பள்ளம் எடுத்தார்கள். எல்லோரும் அந்த செட்டையும் கிரேஸ் கெல்லியின் உடைகளையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் காத்திருப்பது காலைச் சாப்பாட்டுக்கு. ஸ்டூவர்ட் ஒரு வாய் எடுத்து வைக்கப் போவார். எதிர் வீட்டுக்காரன் பெண்டாட்டியை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியில்தான், அங்கேதான் கழுவிவிட வசதி என்று இந்த அம்மாள் சாவகாசமாக யோசித்துச் சொல்வார். ஸ்டூவர்ட் முகம் போகும் போக்கைப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு பார்த்தால் நல்லது.