உப்புக் குறைந்தால் மட்டும் மாயை இல்லையா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய அண்ணன் மாரடைப்பில் திடீரென்று இறந்துபோனார். அதிலிருந்து இவர் இரவெல்லாம் செல்போனில் வேதாந்தச் சொற்பொழிவு கேட்கிறார். எதைப் பேசினாலும் 'எல்லாம் மாயை' என்கிறார். கடை திறக்கவே மதியமாகிறது. மகள் கல்லூரி விண்ணப்பத்தை நீட்டினால், 'படிப்பும் மாயைதானம்மா' என்று கையெழுத்துப் போடாமல் எழுந்துபோகிறார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் மட்டும் தட்டைத் தள்ளிவிடுகிறார். இது ஞானமா, வேறு ஏதாவதா? எதிர்த்துப் பேசினால் பாவமோ என்று பயமாகவும் இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

பதில்: சகோதரி, உப்பு வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பாட்டை வைத்துத்தான் அத்வைத வேதாந்த ஆசாரியர் சங்கரரும் இந்த வழக்கைப் பேசியிருக்கிறார்.

வெளியே பொருள் என்று எதுவுமே கிடையாது, உள்ளே எழும் அறிவுதான் பொருள்போலத் தோன்றுகிறது என்று பௌத்தர்களில் ஒரு சாரார் வாதிட்டார்கள். விஞ்ஞானவாதிகள் என்று பெயர். வேதாந்தத்தின் மூலநூல்களில் ஒன்றான பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில் சங்கரர் அவர்களை மடக்குகிறார். ஒருவன் சாப்பிடுகிறான், வயிறு நிறைந்த திருப்தியும் அவனுக்குத் தெரிகிறது. அவனே 'நான் சாப்பிடவும் இல்லை, எனக்குத் திருப்தியும் இல்லை' என்றால் யார் நம்புவது என்று கேட்கிறார். அடுத்து, விழிப்பைக் கனவோடு சேர்த்துக் கட்டாதே என்கிறார். கனவில் கண்டது விழித்ததும் பொய்த்துப்போகிறது. விழித்திருக்கும்போது கண்ட தூண் அப்படிப் பொய்த்துப்போவதில்லை. மாயாவாதி என்று பிறர் பழித்த அதே சங்கரர்தான் இதை எழுதியவர்.

அவர் உலகத்தை முயற்கொம்பு என்று சொல்லவில்லை. முயற்கொம்பு ஒருநாளும் யார் கண்ணிலும் படாது. கானல்நீர் கண்ணில் படுகிறது, கிட்டப் போனால் இல்லை. உள்ளது என்றும் இல்லாதது என்றும் அறுதியிட முடியாத இதற்குத்தான் மித்தை என்று பெயர். இதிலும் தட்டுகள் உண்டு. கயிற்றைப் பாம்பாகக் காண்பது அடித்தட்டு. பிரம்மம் என்னும் பரம்பொருள் ஒன்றே உண்மை என்பது மேல்தட்டு. கடை, கடன், மகளின் படிப்பு எல்லாம் இடையில் உள்ள வியாவகாரிகம் என்னும் அன்றாட நடைமுறைத் தட்டைச் சேர்ந்தவை. பிரம்மத்தை நேரே அறியும்வரை அங்கே கணக்கு கணக்குதான். உங்கள் கணவர் மேல்தட்டின் வசனத்தை நடுத்தட்டில் நின்று பேசுகிறார். ஹார்டுவேர் கடைக்காரருக்கு இது புரியாமல் போகாது. ஆணியும் இரும்புதான், தாழ்ப்பாளும் இரும்புதான் என்று ஆணி கேட்டு வந்தவரிடம் தாழ்ப்பாளைக் கொடுப்பாரா?

இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். நம் சைவ சித்தாந்தத்தில் மாயை என்றால் பொய்த்தோற்றமே அல்ல. உடம்பும் மனமும் உலகமும் அனுபவிக்கும் பொருள்களும் உண்டாவதற்கான மூலப்பொருள் அது. தனு, கரண, புவன, போகம் என்று சொல்வார்கள். உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் அழுக்கு மூன்று: ஆணவம், கன்மம் (வினை), மாயை. இருட்டு என்று அவர்கள் சொல்வது ஆணவத்தை. மாயையோ, விடியும்வரை எரியும் விளக்கு. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இப்படித்தான் சொல்கிறார்.

என் சிறுவயதில் வீட்டில் அரிக்கேன் விளக்கு உண்டு. பொழுது சாய்ந்ததும் பாட்டி சிம்னியைக் கழற்றி, சாம்பல் தொட்ட துணியை உள்ளே விட்டுத் திருகித் திருகித் துடைப்பாள். அந்த வெளிச்சம் கைப்பிடி அளவுதான். திண்ணையைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. ஆனால் அதை வைத்துத்தான் சோறு பரிமாறினோம், வீட்டுப்பாடம் எழுதினோம். சூரியன் வந்தால் இந்த விளக்குக்கு வேலை இல்லை என்று யாரும் சாயங்காலமே திரியை இறக்கிவிடவில்லை. உங்கள் வீட்டில் அணைக்கப்படுவது விளக்கு. தட்டைத் தள்ளுவது எது என்று சித்தாந்திகளைக் கேட்டால், மாயையின் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

எதிர்த்துப் பேசுவது பாவமா என்று கேட்டீர்கள். இராமானுசர் சங்கரரின் மாயைக் கொள்கைமீதே ஏழு ஆட்சேபங்களை அடுக்கினார். அவித்தை, அதாவது அறியாமை, யாரைப் பற்றிக்கொண்டிருக்கிறது? பிரம்மத்தையா? பிரம்மம் அறிவே வடிவானது ஆயிற்றே. சீவனையா? சீவன் தோன்றியதே அவித்தையால் என்கிறீர்களே. இப்படிப் போகும். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இதை இன்றும் படிக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் பாவம் வந்து ஒட்டிக்கொள்ளாது.

ரமணரை அவர் கேள்விப்பட்டிருப்பார். 16 வயதில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவர். அந்த ரமணர் ஆசிரமத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து காய்கறி நறுக்கினார். தினமும் செய்தித்தாள் படித்தார். தாய் அழகம்மாள் 1922 மே மாதம் மரணப் படுக்கையில் கிடந்தபோது, ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, உயிர் பிரியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குடும்பத்தை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களை அவர் பெரும்பாலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்.

இவ்வளவும் தத்துவம். உங்கள் வீட்டில் நடப்பது தத்துவம்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என் அப்பா இறந்த வருடம் நானும் 'என்ன இருக்கிறது இதில்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேலைக்கு மட்டம் போட்டேன். கேட்டவர்கள் பக்குவம் என்றார்கள். ஒருநாள் ரேஷன் கார்டு தேடும்போது மேஜை இழுப்பறையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு கிடைத்தது. உள்ளே மடித்த பஸ் டிக்கெட் ஒன்று. அன்றுதான் அழுதேன். பிறகு அந்தப் பேச்சு தானாகக் குறைந்துபோனது.

எட்டு மாதமாகத் தூக்கம் இல்லை, கடையில் நாட்டமில்லை, சட்டென்று எரிச்சல். இதில் வைத்தியம் பார்க்க வேண்டிய துக்கமும் இருக்கலாம். அவரோடு வாதம் செய்யாதீர்கள், ஜெயித்தாலும் பயனில்லை. அவருடைய அண்ணனைப் பற்றிப் பேச்செடுங்கள். சின்ன வயதில் இருவரும் எங்கே சுற்றினார்கள், கடை வைக்க யார் பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அழுதால் தடுக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால், நீங்கள் முதலில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்பதுபோல ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அன்றே அழைத்துப்போங்கள், நாள் பார்க்க வேண்டாம்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி என்னவென்று நீங்கள் எழுதவில்லை. பெற்றோர் கையெழுத்து என்றுதானே கேட்டிருப்பார்கள்? நீங்களே போட்டு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.