குண்டு வீசும் புழுக்கள்

கேள்வி: 'வார்ம்ஸ்' என்னும் கணினி விளையாட்டை இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறேன். கீச்சுக்குரலில் வம்பு பேசும் புழுக்கள் சிரிப்பூட்டினாலும், பசூக்கா என்னும் தோள் பீரங்கியால் நான் ஏவும் குண்டு மட்டும் குறி தவறிக்கொண்டே இருப்பது ஏன்?

பதில்: பிரிட்டனின் டீம்17 நிறுவனம் 1995இல் வெளியிட்ட இவ்விளையாட்டில் புழு அணிகள் முறைவைத்துத் தாக்குவதால், நிதானமாகக் குறிபார்க்கலாம் என்று தோன்றும், ஆனால் முறைக்கு முறை மாறும் காற்று பசூக்கா குண்டைத் திசைதிருப்பிவிடும் என்பதால், திரையில் தெரியும் காற்றின் அளவைப் பார்த்த பிறகே சுட வேண்டும். கையெறிகுண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது துள்ளி உருண்டு, சில நொடிகள் கழித்து வெடிக்கும். முழு வலுவுடன் நிற்கும் புழுவைக்கூட நீரில் தள்ளி ஒரே அடியில் ஒழித்துவிடலாம். துள்ளிச் சென்று வெடிக்கும் செம்மறியாடு என்னும் ஆயுதத்தைவிட எனக்கு இதுவே பெரிய வேடிக்கை. எதிரியை ஒட்டி நின்று மட்டும் சுடாதீர்கள்; அவ்வெடிப்பு உங்கள் புழுவையும் விட்டுவைக்காது.