மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 8.2. கீழ்த்தாடையில் பல் இம்ப்ளான்ட் வைத்தால் எலும்பு பிடிக்குமா? பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பிடிக்கும். ஆனால் 8.2 இருக்கும்போது வைக்க அவசரப்படாதீர்கள். வைத்த பிறகு கேப் மாட்டவும் அவசரப்படாதீர்கள்.

முதல் நாள் இம்ப்ளான்ட் அசையாமல் நிற்பதற்குக் காரணம் திருகின் இறுக்கம் மட்டும்தான், மரத்தில் முடுக்கிய ஸ்குரூ மாதிரி. துளையிட்டதில் அடிபட்ட எலும்பை உடல் முதலில் அரித்து எடுக்கும், பிறகுதான் புது எலும்பு கட்டும். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரம் வரை பிடிப்பு குறைந்து, பிறகு மெல்ல ஏறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த இறக்கம் ஆழமாக இருக்கும், ஏற்றம் தாமதமாகும். அதிகச் சர்க்கரை எலும்பின் கொலாஜனில் ஒட்டி அதை விறைப்பாக்குகிறது. எலும்பு கட்டும் செல்கள் மந்தமாகின்றன. அழற்சி சீக்கிரம் அடங்காததால் அரிக்கும் செல்கள் மட்டும் வேலையை நிறுத்துவதில்லை. நுண்ணிய ரத்தக் குழாய்களும் பழுதாகியிருந்தால் ரத்த ஓட்டமும் குறைவு.

ஸ்கேனில் எலும்பு அடர்த்தியாகத் தெரிகிறது என்று நிம்மதி அடைய முடியாது. டைப் 2 சர்க்கரையில் அடர்த்தி சாதாரணமாகவோ சற்று அதிகமாகவோகூட இருக்கும், தரம்தான் குறைந்திருக்கும்.

பொதுவாக 7-க்குக் கீழே இருந்தால் தயங்க வேண்டியதில்லை. 7-க்கும் 8-க்கும் இடையில் கவனத்தோடு செய்யலாம். 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடுவதே நல்லது. ஆனால் பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி, எலும்பு கட்டப்போவதோ வரும் எட்டு வாரங்களில். ஆபரேஷனுக்காகக் கஷ்டப்பட்டு 7-க்குக் கொண்டுவந்துவிட்டு, தையல் பிரித்ததும் விட்டுவிட்டால் பயனில்லை. அந்த எட்டு வாரமும் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள்: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். ரத்தசோகை இருந்தால் மூன்று மாதக் கணக்கே ஏமாற்றலாம். இரும்புச்சத்துக் குறைவில் அது கூடுதலாகக் காட்டும்; டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் குறைத்துக் காட்டலாம்.

மருந்துப் பட்டியலை முழுமையாகப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை, எலும்பு செல்லாக வேண்டியதைக் கொழுப்பு செல் பக்கம் திருப்பிவிடும். மாற்ற முடியுமா என்று சர்க்கரை மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மயக்க மருந்துக்காகப் பட்டினி இருக்க வேண்டியிருந்தால் அவற்றை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அவசியம் சொல்லுங்கள், தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு. வைட்டமின் டி 20-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் காலை நேரம் வாங்கி, சாப்பிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு போங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்க்கும் சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். 250-ஐத் தாண்டினால் வேறு நாள். வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தால் ஓரிரு நாள் சர்க்கரை எகிறும், பயப்படாமல் அடிக்கடி பாருங்கள்.

துளையிடும்போது எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட்டுவிடும். கூரான டிரில், நிற்காமல் ஓடும் குளிர்ந்த சலைன், விட்டு விட்டு இடுவது, மூன்றும் வேண்டும். இறுக்கம் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். அடர்த்தியான கீழ்த்தாடையில் வலுக்கட்டாயமாக முறுக்கினால் எலும்பு நசுங்கி, அரிப்புதான் அதிகமாகும். நீரை ஈர்க்கும் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட் கிடைத்தால் அதையே கேளுங்கள். ஈறுக்குள் மூடி வைத்து இரண்டு கட்டமாகச் செய்வது பாதுகாப்பானது. இம்ப்ளான்ட் வைத்த அன்றே பல்லும் மாட்டும் ‘அன்றே பல்’ உங்களுக்கு வேண்டாம். கீழ்த்தாடைக்கு வழக்கமாக 3 மாதம் காத்திருப்பார்கள், நீங்கள் 4 அல்லது 5 மாதம் கொடுங்கள். மேல்தாடையானால் 6-க்குக் குறையாமல். வைத்த அன்றும் கேப் போடும் முன்பும் ஐஎஸ்க்யூ (இம்ப்ளான்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று 1 முதல் 100 வரை காட்டும் எண்) அளவு எடுக்கச் சொல்லுங்கள். 70-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. முதல் நாள் அளவைவிடக் குறைந்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ரத்தம் எடுத்துச் சுழற்றி வைக்கும் பிஆர்எஃப் பற்றிக் கேட்பீர்கள். ஈறு சீக்கிரம் ஆற உதவும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாததற்கு அது ஈடாகாது.

வீட்டில் முதல் வாரம்தான் பொறி. மெல்ல முடியாது என்று பழச்சாறும் ஐஸ்கிரீமுமாக இறங்கினால் சர்க்கரை ஏறும்; பயந்துபோய் எதுவும் சாப்பிடாமல் இன்சுலினோ கிளிமிபிரைடோ மட்டும் போட்டால் தாழ்சர்க்கரை வந்து மயங்கிவிடுவீர்கள். முட்டை, இனிப்பில்லாத தயிர், குழைய வெந்த பருப்பு போன்ற புரதத்தை மென்மையாக்கிச் சாப்பிடுங்கள். மறுநாளிலிருந்து இரண்டு வாரம், குளோர்ஹெக்சிடின் 0.12 அல்லது 0.2 சதவீதம், நாளுக்கு இரு முறை கொப்பளித்தால் போதும். நீட்டித்தால் பல் கறை படியும். புகைபிடிப்பவர்கள் குறைந்தது ஒரு வாரம் முன்பிருந்து எட்டு வாரம் பின்பு வரை தொடவே கூடாது. கழற்றி மாட்டும் பல்செட் அந்த இடத்தை அழுத்தினால் பல்செட்டின் உட்புறத்தை அங்கே குழியாகத் தேய்த்து வாங்குங்கள்: இம்ப்ளான்ட் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும்.

நான்காம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டுங்கள். ஆறாவது வாரத்தில் இம்ப்ளான்ட் ஆடினால் ஆன்டிபயாடிக் போட்டுக் காத்திருப்பது வீண், அது இனி இறுகாது. எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் எலும்பை ஆறவிட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு மறுபடி வைக்கலாம்.