கீமோவுக்குப் பின் காய்ச்சல், கேட்காத மருந்து: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிட்டது. காலையில் கூட்டிப்போனால் டாக்டர் எங்களைக் கடிந்துகொண்டார். அவ்வளவு பெரிய தப்பா?

தப்புதான். அவர் கடிந்துகொண்டதில் நியாயம் இருக்கிறது. கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் பலருக்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அதில் நியூட்ரோபில் என்ற வகை 500க்குக் கீழே இறங்கினால் உடம்பில் காவலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீழ் பிடிப்பதும் புண் சிவந்து வீங்குவதும் வெள்ளணுக்கள் செய்கிற வேலை. அவை இல்லாதபோது பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கீமோ குடலின் உட்தோலையும் புண்ணாக்கும். அதுவரை குடலுக்குள் சும்மா இருந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அந்தப் புண் வழியாக ரத்தத்தில் இறங்கிவிடும். ஆகவே காய்ச்சல் ஒரு தடவை 101ஐத் தொட்டாலும் சரி, 100.4ல் ஒரு மணி நேரம் நின்றாலும் சரி, ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். எமர்ஜென்சியில் முதல் வார்த்தையே “கீமோ போட்டவங்க” என்று இருக்கட்டும். வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்து, ஊசி வழி ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட வேண்டும். கல்ச்சர் முடிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். நடுக்கம், குழப்பமான பேச்சு, மூச்சு வாங்கல், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், கிளம்பிவிடுங்கள்.

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று போட்டு, மெரோபெனம் உட்பட எல்லா மருந்துக்கு நேரேயும் ‘ஆர்’ என்று இருக்கிறது. அவர் ஆன்டிபயாடிக் அதிகம் சாப்பிட்டவரே இல்லை. உடம்பு ஏன் மருந்தை ஏற்கவில்லை?

உங்கள் அப்பாவின் உடம்பு மருந்தை ஏற்கிறது. மருந்துக்கு மசியாதது கிருமி. ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட்) என்பதற்கு அதுதான் அர்த்தம். இதை நான் வாரத்துக்கு நாலு குடும்பங்களிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கையே உடைத்துப்போடும் நொதி ஒன்று இந்தக் கிருமிகளில் பலவற்றிடம் உண்டு. என்டிஎம் என்று பெயர், ‘நியூ டெல்லி மெட்டலோ’ என்று தொடங்கும் பெயரின் சுருக்கம். பெயரில் டெல்லி இருக்கிறதென்று 2010ல் பெரிய சண்டையே நடந்தது. அந்த ஆண்டு வெளிவந்த ஆய்வில் சென்னையிலிருந்து போன கிருமிகளும் இருந்தன என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இந்த நொதிக்கான மரபணு ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்குத் தாவக்கூடியது. கழுவாத கை, தண்ணீர், முன்பு படுத்திருந்த வார்டு என்று எந்த வழியாகவும் அது குடலுக்குள் வந்து குடியேறலாம். ஒருவர் மாத்திரையே சாப்பிடாமல் இருந்தாலும் ஊரே சாப்பிட்டதன் பலன் அவருக்கும் வந்து சேரும்.

ரிப்போர்ட்டில் எல்லாம் ‘ஆர்’ என்றால் வழி அடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கோலிஸ்டின் என்ற பழைய மருந்து இருக்கிறது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள். இப்போது செஃப்டாசிடிம்-அவிபாக்டத்துடன் அஸ்ட்ரியோனாம் சேர்த்துக் கொடுப்பது என்டிஎம்முக்கு நல்ல ஆயுதம். ஆக்ஸா-48 என்ற வேறு வகை நொதியாக இருந்தால் பெரும்பாலும் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் மட்டுமே போதும். எனவே டாக்டரிடம் “எந்த மரபணு என்று பார்த்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

சென்னையில் கண்டுபிடித்த புது ஆன்டிபயாடிக் இதற்கு உதவாதா?

ஆர்கிட் பார்மாவின் என்மெட்டாசோபாக்டம் பற்றிக் கேட்கிறீர்கள். செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்ந்து, சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. நமக்குப் பெருமைதான். ஆனால் அது மடக்குவது செஃபெபைம் போன்ற மருந்துகளை உடைக்கும் இஎஸ்பிஎல் வகை நொதிகளை. என்டிஎம்மிடம் அது செல்லாது.

ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருக்கும் மருந்துதானே வலுவானது?

இல்லை. அந்த எண், கிருமி வளராமல் தடுக்க அந்த மருந்து குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. இட்லி விலையையும் தங்கம் விலையையும் ஒப்பிட்ட கதையாகிவிடும்.

கீமோ ஏற்ற நெஞ்சில் வைத்த போர்ட்டை எடுக்க வேண்டும் என்கிறார்கள். செலவு செய்து வைத்ததாயிற்றே?

போர்ட்டிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ஒரே நேரத்தில் கல்ச்சர் எடுப்பார்கள். போர்ட் ரத்தத்தில் கிருமி 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால், கூடு அங்கேதான். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவோ கேண்டிடா என்ற பூஞ்சையோ என்றால் எடுத்துவிடுவதே நல்லது, வாதாட வேண்டாம். தோலில் வாழும் சாதுவான வகை என்றால் உள்ளுக்குள் மருந்து நிரப்பிக் காப்பாற்றப் பார்க்கலாம்.

வெள்ளணு குறைந்த நாட்களில் தயிர்சாதம் சாப்பிடலாமா? பச்சைக் காய்கறியே கூடாது என்கிறாள் அத்தை.

கடுமையான பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. காய்ச்சிய பாலில் வீட்டில் உறை ஊற்றிய தயிரைப் பெரும்பாலான மருத்துவர்கள் தடுப்பதில்லை. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள ‘நல்ல’ கிருமிகளை அடைத்த புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் மட்டும் வேண்டாம். வீட்டில் கழுவித் தோலுரித்த பழம் நல்லது. தள்ளுவண்டியில் நறுக்கி வைத்தது கூடாது. ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள்: மலச்சிக்கல் என்றால் எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை எதையும் நீங்களாக வைக்காதீர்கள். அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் முதல் கேள்வியில் சொன்ன கதைதான்.