ஆற்று மீன் ஏன் கசக்கிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒகேனக்கல் பக்கம் நண்பரின் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். தூண்டிலில் விழுந்த ஜிலேபி மீனை அங்கேயே சுட்டோம். வயிற்றுப் பக்கம் ஒரே கசப்பு, மற்ற இடத்தில் சேற்று வாடை. எங்கே தப்பு? (வாசகர், பென்னாகரம்)

பதில்: கசப்புக்குக் காரணம் பித்தப்பை உடைந்தது. ஈரலை ஒட்டிப் பச்சையாக ஒரு சின்னப் பை இருக்கும். கத்தி ஆழமாகப் போனால் அது கிழிந்துவிடும். முதலில் முதுகு முள்ளை வெட்டுங்கள், இல்லாவிட்டால் கையைக் குத்தும். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சுரண்டுங்கள். வயிற்றைக் கிழிப்பது அதற்குப் பிறகுதான், கிழித்த வயிறு தொளதொளவென்று கிடக்கும், செதில் சரியாக வராது. மலத்துளையில் கத்தி நுனியை மட்டும் விட்டு, கூர்ப்பக்கம் வெளியே பார்க்கும்படி செவுள் வரை கிழியுங்கள். குடலைத் தலைப்பக்கம் பிடித்து ஒரே இழுப்பாக எடுங்கள். பச்சை நீர் பட்ட சதையை வெட்டி எறிந்துவிடுங்கள், எந்த மசாலாவும் அதை மறைக்காது.

செவுளைப் பிய்த்ததும் வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் தெரியும். கல் உப்பு வைத்துத் தேய்த்தால் உரிந்து வரும். நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் வழித்தெடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், கவிச்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

சேற்று வாடைக்கும் உங்கள் கைக்கும் சம்பந்தமில்லை. தேங்கிய நீரில் சிலவகைப் பாசியும் நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசனையும் இதுவே. புளிப்பு பட்டால் இது குறையும். அரை கிலோ மீனுக்கு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். நம் ஊரில் புளிக்கா பஞ்சம்!

கேள்வி: சட்டி இல்லாமல் சமைக்க முடியுமா? ஆற்றுக் கல்லைச் சூடாக்கி அதன் மேல் வைக்கலாமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: ஆற்றுக் கல் வேண்டவே வேண்டாம். உள்ளே ஊறிய தண்ணீர் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். வாழை இலை போதும். அரை கிலோ மீனில் பக்கத்துக்கு மூன்று கீறல் போடுங்கள். ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், கொஞ்சம் எண்ணெய் கலந்து கீறலுக்குள் படும்படி தடவி அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு இலையாகச் சுற்றி, தீ அடங்கிய தணலில் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். எரியும் தீயில் வைத்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். நடுமுள்ளை ஒட்டிய சதை வெள்ளையாகி முள்ளைவிட்டுக் கழன்றால் வெந்துவிட்டது. ஆற்று மீனில் புழு இருக்கலாம், அரைவேக்காடாகச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: காலையில் பிடித்ததை இரவு வரை வைக்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஐஸ் இருந்தால் வைக்கலாம். குடலை உடனே எடுத்துவிட்டு, மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போடுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் வலைப்பையில் உயிரோடு தண்ணீரிலேயே விட்டு, சமைக்கும்போது எடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் கழிவு கலந்து நுரை பொங்குகிறது, அங்கே பிடித்த மீனை மட்டும் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று: ஒகேனக்கலைச் சுற்றிப் பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்கவோ தீ மூட்டவோ கூடாது. காவிரியில் முதலை உண்டு. குடலையும் செதிலையும் கரையில் வீசாமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள்.