அம்மணியின் நாக்கில் குறையில்லை

அன்புள்ள ஐயா,
பிளஸ் டூ படிக்கும் என் மகள் காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தைப் பற்றிப் பள்ளியில் பேசவிருக்கிறாள். ‘ஓட்டோரைனோலாரிங்காலஜி’ என்பதை எப்படிப் பிரித்து உச்சரிப்பது? தமிழ்வழியில் படித்ததால் அவளுக்கு நாக்கு திரும்பவில்லை. ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்த்துவிடலாமா?
வாசகர், கோபி

அன்புள்ள நண்பருக்கு,

ஓ-ட்டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி என்று உயிரொலிக்கு ஒன்றாக ஒன்பது துண்டுகள். (யாப்பின் அசைக்கணக்கு வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) பொருள் நோக்கிப் பிரித்தால் காது, மூக்கு, குரல்வளை, இயல் என்று நான்கே கிரேக்கத் துண்டுகள். வகுப்பெல்லாம் வேண்டாம்.

நாக்கு திரும்பவில்லை என்று மகளின் காதுபட இனி ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். இச்சொல்லில் இடறக்கூடிய இடம் ‘ரிங்கா’. லாரிஞ்சைட்டிஸ் என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கும் ‘ரிஞ்சா’ என்றுவிடுவார்கள். அங்கே ‘ஜி’ எழுத்துக்குப் பின் ‘ஐ’ வருகிறது. இங்கே ‘ஓ’ வருவதால் ஒலி ககரமாகிறது. ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று மூச்சுக்கு மூச்சு ‘ங்க’ போடும் கோபிப் பெண்ணுக்கு அது வராதென்றால் வேறு யாருக்கு வரும்?

நம்மைத் தடுக்கிவிடுவது நம் காதின் நேர்மை. சில நாட்களாகவே இதை எண்ணிக்கொண்டிருந்தேன். பவணந்தியின் ஊரென்று நம் பக்கத்தார் உரிமை கொண்டாடும் சீனாபுரத்துக்கு அருகிலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் தமிழ் ஐயா, நன்னூல் நடத்தும்போது குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று விரலைச் சொடுக்கிக்கொண்டே இருப்பார். சொடுக்கை முந்திக்கொண்டு வாய் திறந்தவன் பெஞ்சின்மேல் ஏற வேண்டியதுதான். அப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் முழுக்கூலி கொடுத்துப் பழகிய நாம் ஆங்கிலத்தையும் அவ்வாறே வாசித்துவிடுகிறோம். ஆங்கிலமோ ஒரு துண்டுக்கு அள்ளிக்கொடுத்து அடுத்ததைப் பட்டினி போடும் மொழி. ‘லஜி’யில் முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு முந்திய துண்டின்மேல் விழும்: பயாலஜியில் ‘யா’, சைக்காலஜியில் ‘கா’. இங்கும் ‘கா’தான். ஓ, ரை, லா மூன்றிலும் லேசாக ஊன்றிவந்து, ‘கா’வை நீட்டாமல் அழுத்தி, அடுத்துள்ள ‘ல’வைப் பாதி விழுங்கி, ‘ஜி’யில் இறங்கச் சொல்லுங்கள். ஒன்பதையும் ஒரே எடையில் சொன்னால் எழுத்துப் பிழையே இல்லாவிட்டாலும் கேட்பவருக்கு வார்த்தை பிடிபடாது.

மேடையில் அம்மணி எங்கேனும் தடுமாறினால், முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு உதட்டை அசைத்துத் திருத்த முயலாதீர்கள்.